சட்டம் கட்டியதைக் கையெழுத்து இடிக்கலாமா?

2025 மார்ச் 20 அன்று வெள்ளை மாளிகையின் கூடம் ஒன்றில் பள்ளி மேசைகள் போடப்பட்டு, பிள்ளைகள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தனர். நடுவில் அதிபர் டொனால்ட் டிரம்ப். மத்தியக் கல்வித் துறையை மூட ஆவன செய்யுமாறு, அத்துறையின் அமைச்சரான லிண்டா மக்மேனுக்குக் கட்டளையிடும் நிர்வாக ஆணையில் அவர் ஒப்பமிட்டார். பிள்ளைகளிடமும் அதே போன்ற தாள்கள் தரப்பட்டிருந்தன. அவர்களும் ஒப்பமிட்டு, புகைப்படக்காரர்களுக்குத் தூக்கிக் காட்டினார்கள்.

மத்தியக் கல்வித் துறை வேண்டுமா வேண்டாமா என்பதில் இரு தரப்புக்கும் வாதம் உண்டு. ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி உண்டாக்கிய ஒன்றை அதிபர் ஒருவர் தம் ஒப்பத்தால் செயலிழக்க வைப்பது அறமாகாது. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. 1979இல் விவாதித்து, வாக்கெடுத்து, அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஒப்பத்தோடு சட்டமாகி உருவான துறை அது. அதை மூட நினைப்பவர் அதே மன்றத்துக்குப் போய் வாதாடி வெல்ல வேண்டும். ரொனால்ட் ரீகனும் அத்துறையை ஒழிப்பதாகச் சொல்லித்தான் பதவிக்கு வந்தார். மன்றம் இசையவில்லை, துறை நிலைத்தது.

இம்முறை வழி வேறு. ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்று ஆணை அடக்கமாகவே பேசியது. அதற்கு ஒன்பது நாள் முன்பே, ஏறத்தாழ 4,100 ஊழியரைப் பாதியாக்கும் அறிவிப்பு வந்துவிட்டது. பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் 12 வட்டார அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. மாற்றுத்திறனாளியான தன் மகளைப் பள்ளி ஒதுக்குகிறது என்று ஒரு தாய் புகார் எழுதினால், அவளுக்குத் துணையான சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கும். அதை எடுத்து விசாரிக்க வேண்டிய வட்டார அலுவலகம் பூட்டிக் கிடக்கும். மே மாதம் மாவட்ட நீதிமன்றம் இந்த ஆட்குறைப்பைத் தடுத்தது. ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பெரும்பான்மை நீதிபதிகள் காரணம் எதையும் எழுதவில்லை. எதிர்த்த மூவர் மட்டுமே எழுதினார்கள்.

நாடு எதுவாயினும் ஆள்வோர்க்கு அறம் ஒன்றே. செங்கோன்மை பேசவந்த வள்ளுவர், ஆராய்ந்து பார்ப்பதையும் ஒருபக்கம் சாயாமையையும் முறையின் இலக்கணமாக வைத்தார். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கெட்டதும் ஆராயாமல் இட்ட ஓர் ஆணையால்தானே? இடித்துச் சொல்வாரைத் துணையாகக் கொள்ளாத அரசன், கெடுக்க ஒரு பகைவன் இல்லாமலே கெடுவான் என்றும் எச்சரித்தார். கொடுங்கோன்மையைச் சொல்லும்போது, அதிகாரத்தைக் காட்டிப் பொருள் பறிப்பவனை வழிப்பறிக் கள்வனோடு சேர்த்தே எண்ணினார். 2025 பிப்ரவரி 14 அன்று கல்வித் துறை பள்ளிகளுக்கு அனுப்பிய கடிதத்தை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். இன அடிப்படையிலான பன்முகத்தன்மைத் திட்டங்களை 14 நாளில் கைவிடாவிட்டால் மத்திய நிதி போகலாம் என்றது அது. அமெரிக்க அரசுப் பள்ளிகளின் செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். ஆனால் ஏழைகள் மிகுந்த வட்டாரங்களில் அந்தப் பணம் நின்றால் ஆசிரியர் வேலை போகும், பாடத்துக்குத் துணைநிற்கும் வகுப்புகள் நிற்கும். இல்லாதவனிடம் காட்டும் மிரட்டலுக்கே வலிமை அதிகம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கெட்டதும் ஆராயாமல் இட்ட ஓர் ஆணையால்தானே?

மன்றத்தை விட்டுவிட்டு ஒப்பத்தால் ஆளும் இந்தக் குற்றம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. திருநர் மாணவர்கள் தம் பாலின அடையாளத்துக்கேற்ற கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று 2016 மே மாதம் ஒபாமா அரசு பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பியது. 2017 பிப்ரவரியில் டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. பாலின அடையாளப் பாகுபாட்டுக்கு எதிராக 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, பைடன் ஆணையிட்டார். 2025இல் அதே நாளில் டிரம்ப் அதை ரத்து செய்தார். சட்டமாக்கும் பாடு படாமல் கொடுத்த உரிமை, பறிப்பவனுக்கும் பாடு வைப்பதில்லை. நல்ல நோக்கத்தோடு குறுக்குவழி வெட்டியவர், அடுத்து வருபவருக்கும் சேர்த்தே அதை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

அவசரத்துக்கு ஆணை வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். மன்னனே உலகுக்கு உயிர் என்று பாடிய மோசிகீரனாரும் நம் புலவரே. 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரத்துப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர் நுழைய அதிபர் ஐசனோவரின் ஆணையும் படையும் தேவைப்பட்டன. ஆனால் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மாநில ஆளுநர் மறித்து நின்ற அந்தச் சட்டத்தை ஐசனோவர் நிறைவேற்றினார். தாமாக ஒன்றைப் படைக்கவில்லை.

ஆள்வோர் அவைக்குப் போகட்டும். அங்கே தோற்றால் அந்தத் தோல்வியை ஏற்கட்டும். குடிமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. தமக்குப் பிடித்த ஆணை வரும்போது கைதட்டிவிட்டு, பிடிக்காத ஆணை வந்த அன்று மட்டும் அரசமைப்பைத் தேடுபவருக்கு முறை கேட்கும் தகுதி இல்லை. விரும்பிய பயனைத் தரும் முறைகேட்டையும் முறைகேடு என்று சொல்லத் துணிபவரே அறத்தின் பக்கம் நிற்பவர்.