கையெழுத்துப் போட்ட மௌனம்

காலையில் காபி இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா?

ஒரு நாள் இருக்கலாம். இரண்டாவது நாள் தலைவலி. மூன்றாவது நாள், ‘அம்மா தாயே, இந்த மனுஷனுக்கு ஒரு டம்ளர் காபியைக் கொடுத்துடுங்க!’ என்று வீட்டில் இருக்கிறவர்களே கெஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மலையடிவாரத்தில் ப்ரோவோ என்று ஓர் ஊர். அங்கே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிற ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. காபி, டீ, மது, சிகரெட் எதையும் தொட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் அங்கே இடம். பிரிகாம் யங் பல்கலைக்கழகம் என்று பெயர். 1875-ல் தொடங்கியது. பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமானது. ‘மார்மன்கள்’ என்று ஊர் உலகம் அழைப்பது இவர்களைத்தான்.

காபியை விடுவதெல்லாம் பெரிய விஷயமா என்ன? இந்த மாணவர்களில் சிலர் அதைவிடப் பெரிய ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

அது என்ன என்று புரிய வேண்டுமானால், இந்தச் சபையின் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். இவர்களுக்கு மதப் பிரசாரம் என்பது விருப்பம் இருந்தால் செய்கிற வேலை இல்லை. கடமை. மீசை அரும்புகிற வயதில் பையன்கள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். இரண்டு வருடம். பெண்கள் போனால் 18 மாதம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். செலவு அவரவர் குடும்பத்துடையது. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர் அட்டை, பக்கத்தில் ஒரு ஜோடி. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத கதவைத் தட்ட வேண்டும். முகத்தில் அடித்தாற்போல் சாத்தினால், சிரித்துவிட்டு அடுத்த கதவு. இன்றைக்கும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உலகமெங்கும் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால் ஒரு லாபம், பாஷை. அந்தப் பல்கலைக்கழகத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி பேச வரும். உலகமே எங்கள் வளாகம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1983-ல் சர்வதேசப் படிப்புகளுக்கென்று தனி மையமே திறந்தார்கள். ஜனாதிபதி நிக்ஸனிடம் நிதியமைச்சராக இருந்த டேவிட் கென்னடியின் பெயர் அதற்கு. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வருவது அங்கே சர்வ சாதாரணம்.

ஆனால், ஓர் ஊருக்குப் போவது மட்டும் சாதாரணமாக இருக்கவில்லை. அந்த ஊர் ஜெருசலேம்.

1968-லிருந்தே மாணவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக ஒரு கட்டடம் வேண்டும் என்று தோன்றியது. ஸ்கோபஸ் மலைச் சரிவில், பழைய நகரத்தையும் அந்தத் தங்கக் குவிமாடத்தையும் பார்த்தபடி ஓர் இடம் கிடைத்தது. 1984-ல் கட்ட ஆரம்பித்தார்கள்.

பிரச்னையும் ஆரம்பித்தது.

ஆசாரமான யூதர்கள் கொதித்தெழுந்தார்கள். ‘இவர்கள் படிக்க வரவில்லை. நம் பிள்ளைகளை மதம் மாற்ற வருகிறார்கள்’ என்றார்கள். 1985-ல் ஆயிரக்கணக்கானவர்கள் மேற்குச் சுவரின் முன்னால் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். எதற்கு? இந்தக் கட்டடம் வரக் கூடாது என்று!

இதைப் படித்ததும், ‘சே, என்ன குறுகிய மனசு!’ என்று உச்சுக் கொட்டிவிடாதீர்கள். அவர்கள் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். 1492-ல் ஸ்பெயினில் யூதர்களிடம், ‘மதம் மாறு, இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ’ என்றார்கள். ஹிட்லர் காலத்தில் அந்த இரண்டு வழிகூட இல்லை. 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மிச்சம் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணி எண்ணிப் பார்க்கிற சமூகம் அது. பிரசாரத்துக்குப் பேர்போன ஒரு சபை பக்கத்துக் குன்றில் எட்டு அடுக்கில் வீடு கட்டினால் பயம் வராதா?

நகரத்தின் மேயர் டெடி கோலெக் மாணவர்கள் பக்கம் நின்றார். 1986-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் 154 பேர் இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஆனால், சிக்கலை அவிழ்ப்பதற்கு முக்கியமாக இருந்தது வேறு ஒன்று. ஒரு வாக்குறுதி.

‘இங்கே மதப் பிரசாரம் செய்ய மாட்டோம்.’

சபை எழுதிக் கொடுத்தது. 1988-ல் கையெழுத்தான குத்தகை ஒப்பந்தத்திலும் அந்த நிபந்தனை ஏறியது. படிக்க வருகிற ஒவ்வொரு மாணவனும், ஒவ்வொரு மாணவியும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இஸ்ரேலின் 1977-ம் வருடத்துச் சட்டம், பணமோ பொருளோ ஆசை காட்டி மதம் மாற்றுவதைத்தான் தடை செய்கிறது. வெறுமனே வாயால் பேசுவதற்கு அந்தச் சட்டத்தில் தடையில்லை. அதாவது, சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே இவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

ஊர் ஊராகப் பேசவே வளர்க்கப்பட்ட பிள்ளைகள். தங்கள் கடவுள் நடந்த மண் என்று நம்புகிற இடத்துக்கே வந்து, வாயைத் திறக்காமல் இருக்கக் கையெழுத்துப் போடுகிறார்கள். இது சரியா, தவறா?

என் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எதையும் ஒரு பிடி பிடிக்கிறவர். ‘‘இது ஏமாத்து வேலை சார்!’’ என்றார் எடுத்த எடுப்பில். ‘‘தன்கிட்ட இருக்கிறது உயிர் காக்கிற மருந்துன்னு ஒருத்தன் நிஜமாவே நம்பறான்னு வெச்சுக்குங்க. நோயாளி பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, ‘நான் பேச மாட்டேன், கையெழுத்துப் போட்டிருக்கேன்’னு சொல்லலாமா? ஒண்ணு, அவன் நம்பிக்கை பொய். இல்லேன்னா, அவன் கருணை பொய்.’’

கூர்மையான கேள்விதான். இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் ஒன்று தோன்றியது. மருந்து இருக்கட்டும். எதிரில் இருப்பவர் நோயாளி என்று முடிவு செய்தது யார்? அவரா, நாமா? அவர் தன் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து ஒரு வெளிச்சத்தில் நடந்துவருகிறார். அவரைக் கேட்காமலே நாடி பிடித்துப் பார்த்து, அவர் வாயில் மருந்தை ஊற்றுவதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. அவருடைய வீட்டுக்குள் படிக்க இடம் கேட்டுப் போய்விட்டு, அப்படிச் செய்வது இன்னும் மோசம்.

நண்பர் விடவில்லை. ‘‘சரி, அப்படின்னா இந்த மௌனம் நிலத்துக்குக் கொடுத்த வாடகை. அதுல என்ன பெரிய தர்மம்?’’

இருக்கலாம். பேரம் இல்லாமல் ஒப்பந்தம் ஏது? ஆனால், பேரம் பேசியது பெரியவர்கள். காப்பாற்றுவது யார்? 20 வயதுப் பிள்ளை. பழைய நகரத்தின் சந்து ஒன்றில் ஒரு கடைக்காரர், ‘எந்த ஊர் தம்பி, என்ன சாமி கும்பிடுறே?’ என்று அன்பாகக் கேட்கிறார். சுற்றிலும் பார்க்க ஆளில்லை. பேச்சை வளர்த்து, அவரைத் தன் வழிக்கு அழைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த இடத்தில் அவன் மென்மையாகப் பேச்சை மாற்றுகிறான் பாருங்கள், அந்த நிமிஷத்தில் அது வாடகை என்பதிலிருந்து தர்மமாக மாறிவிடுகிறது. வாக்கு கொடுப்பவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். காப்பாற்றுகிறவருக்கு ஒரே காரணம்தான்... கொடுத்தாயிற்று!

இன்னொன்றும் நடக்கிறது. வாய் மூடினால் காது திறக்கிறது.

அங்கே அவர்கள் என்ன படிக்கிறார்கள் தெரியுமா? பைபிள், பழங்கால வரலாறு. அதோடு அரபியோ ஹீப்ருவோ ஒன்று. யூத மதத்தைப் பற்றி ஓர் இஸ்ரேலியர் பாடம் நடத்துகிறார். இஸ்லாம் பற்றி ஒரு பாலஸ்தீனர் நடத்துகிறார். ஒரே ஊரின் கதையை, அடுத்தடுத்த வகுப்பில் இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட இந்தச் சபை, அந்த ஊரில் சனிக்கிழமைதான் வழிபடுகிறது. ஊரோடு ஒத்துப்போகிறார்கள். ஞாயிறு மாலைகளில் சங்கீதக் கச்சேரி வைத்தார்கள். யூதரும் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள்.

நாம் அடுத்தவர் பேச்சைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் என்ன செய்கிறோம்? அவர் எப்போது மூச்சு வாங்குவார், நாம் எப்போது புகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பதில் சொல்லவே கூடாது என்று யாராவது நம்மைக் கட்டிப்போட்டால்தான், கேட்பது என்றால் என்ன என்றே தெரியவரும்.

நிற்க. கதையை இங்கேயே சுபமாக முடித்தால் எனக்கே உறுத்தும்.

அந்தக் கட்டடம் நிற்கிற கிழக்கு ஜெருசலேம், 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதி. இன்றைக்கும் உலக நாடுகளில் பெரும்பாலானவை அதை ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் என்றுதான் சொல்கின்றன. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து இஸ்ரேல் அரசுடையது. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் பாலஸ்தீனரை யார் கேட்டார்கள்? ‘நாங்கள் மௌனமாக இருப்பதாக வாக்கு கொடுத்திருக்கிறோம்’ என்று ஒரு மாணவன் இந்தக் கேள்விக்கும் வாயை மூடிக்கொண்டால் சரியாகுமா?

ஆகாது. இங்கேதான் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். என் நம்பிக்கையை நான் மூடி வைக்கலாம். அது என்னுடைய சொத்து. அதை வெளியே எடுப்பதும் பெட்டிக்குள் வைப்பதும் என் விருப்பம். அடுத்தவன் வலியை மூடி வைக்க எனக்கு உரிமை கிடையாது. அது என் சொத்து இல்லை. முதல் மௌனம் மரியாதை. இரண்டாவது மௌனம் கோழைத்தனம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால், உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியும்.

நல்ல வேளையாக, அந்த மாணவர்கள் கையெழுத்துப் போட்டது முதல் மௌனத்துக்குத்தான். வகுப்பில் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு ஊர் திரும்பிய பிறகு, பார்த்ததைச் சொல்ல எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை. சொன்னார்களா என்பது ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அந்தக் கட்டடத்தின் வாழ்க்கையும் சுலபமாக இல்லை. 2000-ல் கலவரம் மூண்டபோது மாணவர்கள் வருவது நின்றது. 2007-ல்தான் திரும்ப வந்தார்கள். 2023 அக்டோபரில் போர் வெடித்ததும் மறுபடி பெட்டியைக் கட்ட வேண்டியிருந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். சபைத் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஃபாஸ்ட், 2005-ல் ஓர் உரையில் நினைவுகூர்ந்தது இது. ஒப்பந்தம் கையெழுத்தான சமயம், நண்பர் ஒருவர் அவர்களிடம் கேட்டாராம். பிரசாரம் செய்ய மாட்டீர்கள், சரி, உங்கள் பிள்ளைகளின் கண்ணில் தெரிகிற வெளிச்சத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று!

அழகான கேள்வி. சபைக்காரர்களுக்கு அதில் பெருமை இருந்திருக்கும். நியாயம்தான். ஆனால், எனக்கு வேறொரு காட்சியும் மனதில் ஓடுகிறது. ‘இவர்கள் வரக் கூடாது’ என்று மேற்குச் சுவரின் முன்னால் நின்று பிரார்த்தித்தார்களே, அவர்கள் கண்ணிலும் வெளிச்சம் இருந்திருக்கும். மாலைத் தொழுகை முடித்துப் படியிறங்கி வருகிற பெரியவர் கண்ணிலும் இருந்திருக்கும். வாய் மூடியிருந்த அந்த அமெரிக்கப் பிள்ளை இரண்டையும் பார்த்திருப்பான். பேசிக்கொண்டே இருந்திருந்தால், தன் கண்ணின் வெளிச்சத்தைத் தவிர வேறு எதையும் அவன் பார்த்திருக்க மாட்டான். அவனை அத்தனை தூரம் அனுப்பிப் படிக்கவைத்ததன் பலன் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் மகனோ மகளோ படிக்க வெளியூர் கிளம்பிக்கொண்டிருக்கலாம். ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுங்கள். கூடவே, ‘நம்ம நம்பிக்கையை மறந்துடாதே’ என்று சொல்கிற அதே மூச்சில், ‘அவங்க நம்பிக்கையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுட்டு வா’ என்றும் சொல்லி அனுப்புங்கள். தன் நம்பிக்கை உறுதியாக இருக்கிறவனுக்குத்தான் அடுத்தவன் பேசுவதைப் பயமில்லாமல் கேட்க முடியும்.

நமக்கு ஜெருசலேம் வரை போக வேண்டாம். நாளைக்குக் காலையில் ஒரு சின்னப் பரீட்சை வைத்துக்கொள்ளலாம். கருத்தில் உங்களுக்கு நேர் எதிரான ஒருவர் வீட்டிலேயோ, ஆபீஸிலேயோ நிச்சயம் இருப்பார். அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்துப் பேச வேண்டாம், திருத்த வேண்டாம், ‘அது அப்படியில்ல சார்’ என்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

ரொம்ப நேரம் இல்லை. கையில் இருக்கிற ஒரு டம்ளர் காபி தீர்கிற வரைக்கும்தான்!