விசும்பு என்னும் திருச்சொல்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் உள்ளது மதுக்கரை. சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் பெயர்பெற்ற ஊர். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று மேகக்கூட்டங்களை இவ்வூரின்மேல் ஓட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட ஓர் ஆடி மாதத்தில், இங்கே நம் கோஷ்டியில் நெடுங்காலம் அந்வயித்திருந்த ஒரு பாகவதர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பாகவதர்களின் சரம காலத்தில் திருவாய்மொழியின் சூழ்விசும்பு பதிகத்தை அநுஸந்திப்பது பெரியோர் வழக்கமாதலால், அவர் திருமாளிகையில் நாமும் கூடி அதனை ஸேவித்தோம்.

ஸேவித்து முடித்ததும், அவருடைய பேத்தி பாட்டியின் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "ஏனுங் அமிச்சி, அப்புச்சியச் சுத்தி எல்லாரும் விசும்பறாங்கன்னா பாடுனாங்க?"

அமிச்சியால் விடை கூற இயலவில்லை. சற்று நேரம் கழித்து அவர் நம்மை நோக்கி, "கொழந்தைக்குச் சொல்லுங்க சாமி. எனக்கும் சொல்லுங்க. மேல பாத்தா ஒண்ணுமே இல்லாத வெளியாத்தான் தெரியுது. அவரு தனியாப் போனாரே, அந்த வழியில யாரு துணை?" என்றார்.

குழந்தை கேட்டதில் பிழையில்லை. இக்காலத்தில் விசும்புதல் என்றால் விம்மியழுதல் என்பதே பலரும் அறிந்த பொருள். பழந்தமிழிலோ விசும்பு என்பது வானத்தின் பெயர். தொல்காப்பிய மரபியல் ஐம்பூதங்களை எண்ணுமிடத்து ஆகாசத்தை இச்சொல்லாலேயே குறிக்கிறது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டும் அவ்வாறே கூறும். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இச்சொல் மழை பொழியும் மேகத்தைக் குறிக்கிறது. பரிமேலழகர் அதனை ஆகுபெயர் என்பர். தேவர் உலகுக்கும் இது பெயராவதுண்டு. பூதம், மேகம், மேலுலகம் ஆகிய மூன்று பொருளுக்கும் இந்த ஒரு சொல் இடங்கொடுக்கிறது.

ஸ்வாமி நம்மாழ்வார் இச்சொல்லைத் திருவாய்மொழியின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்தாள்கிறார். முதல் திருவாய்மொழியின் ஏழாம் பாசுரத்தில் ஐம்பூதங்களைச் சொல்லத் தொடங்கும்போது, திடவிசும்பு என்று அருளிச்செய்கிறார். நிலத்தைத் திடம் என்றால் நமக்கு விளங்கும். கையால் பற்ற முடியாத வெளியைத் திடம் என்னலாமோ? என்னலாம். மற்றைய நான்கு பூதங்களும் ஆகாசத்திலிருந்தே முறையாகத் தோன்றி, ப்ரளயத்தில் மீண்டும் அதிலேயே லயிக்கின்றன என்பது வேதாந்தம். அவற்றுக்கு முன்னே தோன்றி, அவை ஒடுங்கிய பின்னும் சிறிது நிற்பதாகையால் அது திடமே. ஆகாசம் என்றொரு பொருளே இல்லை, வெறும் இன்மையே அது என்பாருக்கும் இவ்வொரு சொல்லே மறுமொழியாக நிற்கிறது.

அவ்வளவோடு ஆழ்வார் நிறுத்தவில்லை. அந்த விசும்பு முதலான யாவும் எம்பெருமானுக்குச் சரீரம். உடலில் உயிர் மறைந்து நிறைந்திருப்பதுபோல் அவன் அவற்றுள் நிறைந்திருக்கிறான் என்று அப்பாசுரத்திலேயே காட்டியருளுகிறார். எம்பெருமானார் தரிசனத்துக்கு உயிர்நிலையான சரீராத்ம பாவம் இதுவே. ஆகவே அண்ணாந்து பார்க்கும்போது நாம் காண்பது வெற்றிடமன்று, நம் ஸ்வாமியின் திருமேனி. இதய கமலத்துள் சொல்லப்படும் தஹராகாசமும் பரமாத்மாவே என்று ஸ்ரீபாஷ்யத்தில் ஸ்தாபித்திருக்கையாலே, அமிச்சியின் நெஞ்சுக்குள்ளும் அவ்விசும்பு இருக்கிறது.

இக்கொங்கு நாட்டுக்கு விசும்பு செய்த ஓர் உபகாரத்தையும் இங்கே நினைக்கவேணும். மேகம் பொய்த்து மழையின்றி வாடிய காலத்தில், கொங்கிலிருந்து ஒரு தம்பதியர் திருவரங்கம் சென்று தங்கினர். மாதுகரத்துக்கு எழுந்தருளும் உடையவரைப் பலரும் ஸேவிக்கக் கண்ட அந்த அம்மையார், காரணம் கேட்டறிந்து, அவரிடமே த்வயோபதேசம் பெற்றார். ஊரில் மழை பெய்து திரும்பும் வேளையில் மீண்டும் உபதேசம் பெற்று, அவருடைய பாதுகைகளையும் ப்ரஸாதமாகப் பெற்று வந்தார். கொங்கில் பிராட்டி என்று குருபரம்பரை கொண்டாடுவது இவரையே. பின்னாளில் உடையவர் திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளுகையில், வழியில் அமுது படைத்து ஆதரித்தது இவர் இல்லமே. அன்று வறண்டு நின்ற வானமும் அவன் கருவியாயிருந்தது என்று இப்போது தெரிகிறது. பட்டினியோடு ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் அவர்களுக்கு அது தெரிந்திராது.

இனி, பத்தாம் பத்தில் சூழ்விசும்பு. இங்கே எம்பெருமான் தன் அடியார் செல்லும் அர்ச்சிராதி மார்க்கத்தை ஆழ்வாருக்குக் காட்டிக்கொடுக்க, அவர் கண்டபடியே அருளிச்செய்கிறார். வானில் திரண்ட முகில்கள் வாத்தியம் முழக்குகின்றன. கடல் தன் அலைகளாகிய கைகளை எடுத்து ஆடுகிறது. நீர் நிறைந்த மேகங்கள் பூர்ணகும்பங்களாகின்றன. தேவர்கள் வழிநெடுகத் தங்குமிடம் சமைத்து எதிர்கொள்கிறார்கள். முடிவில் வைகுந்த வாசலில் நித்யஸூரிகள் வரவேற்கிறார்கள். நாராயணனுக்கு உரியவர் ஒருவர் வருகிறார் என்பதே இவ்வளவுக்கும் காரணம்.

முதல் பத்தில் அவனுக்குச் சரீரமாக நின்ற விசும்பே பத்தாம் பத்தில் அவன் அடியாரைக் கண்டு களிக்கிறது. உயிர் உகந்தால் உடல் பூரிப்பதில் வியப்பென்ன? ஸ்வாமியின் திருமேனியூடே ஸ்வாமியிடமே செல்லுகிறவருக்குத் துணையில்லாத இடம் ஏது? இதையே அமிச்சிக்கு விண்ணப்பித்தோம்.

அவரை அழவேண்டா என்று நாம் சொல்லவில்லை. ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்று கேட்டு, பெரியநம்பியும் இளையாழ்வாரும் வேரற்ற மரம்போல் விழுந்து கதறினார்கள் என்கிறது குருபரம்பரை. சென்றவருடைய பேற்றை அறியாமல் அழுதவர்களல்லர் அவர்கள். பிரிவு நம்முடையது, பேறு அவருடையது. இங்கே நாம் விசும்பலாம். அங்கே விசும்பு முழங்குகிறது. இரண்டும் உண்மையே.

குழந்தை வாசலுக்குப் போய் மேலே பார்த்தாள். கணவாய்ப் பக்கமிருந்து மேகங்கள் வந்துகொண்டிருந்தன. "அமிச்சி, இடி இடிக்குதுங்க" என்றாள். அமிச்சி கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்புச்சிக்கு மேளம், சாமி" என்றார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.