துரானும் கண்ணாடியும்

இத்தாலி நாட்டில் ஆர்னோ, தைபர் என்னும் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில், கிறித்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டு தொட்டுச் சிறந்து வாழ்ந்த எத்துருசுக்கர், காதற்கும் அழகிற்கும் உயிர்த்தளிர்ப்பிற்கும் உரியாளாகத் துரான் என்னும் பெண்டெய்வத்தை வழிபட்டனர். தார்க்குவீனியா நகரின் துறைமுகமாகிய கிராவிசுக்காவில் அவட்கு வழிபாட்டிடம் இருந்தது. புறாவும் அன்னமும் அவட்குரிய பறவைகள். வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறத்தே அவள் வடிவம் பலவிடத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. முன்புறம் மகளிர் முகங்காணத் துலக்கப்பெற்றது.

இத்தகைய கண்ணாடிகள் பல மகளிர் கல்லறைகளிற் கிடைத்தன. உயிர்ப்புத் தருவாளைப் பிணத்தோடு வைத்தது என்னை? மறுமையிலும் ஒப்பனை வேண்டினர் போலும் எனின், அஃது எங்கும் பொருந்துவதன்று. சிலவற்றில், முகங்காணும் பக்கத்திலேயே 'சுதினா' என்னுஞ் சொல் வெட்டப்பட்டிருக்கின்றது. கல்லறைக்குரியது என்பது அதன் பொருள். உயிருடையார் மீட்டும் எடுத்தாளாமைப் பொருட்டு அங்ஙனம் வெட்டினர் என்பாருமுளர். பிற வெண்கலக் கலங்களிலும் அச்சொல் காணப்படுதலின், அவ்வுரை தள்ளற்பாலதன்று. ஆயினும், எழுத்துப் பொறித்த குடம் பின்னரும் நீர் கொள்ளும். முகப்பில் எழுத்து வெட்டிய கண்ணாடியோ முகத்தைச் செவ்வனே காட்டாது. இவ்வேற்றுமை சிறிதன்று. தன் அழகைத் தனதென ஒருத்தி நாடோறுங் கண்டு மகிழ்ந்த பக்கமே அன்றோ அழிக்கப்பட்டது!

'துர்' என்பது அம்மொழியிற் கொடுத்தற்பொருட்டாய வினையடி. துரான் என்னும் பெயர் அதனின்று பிறந்ததென்பர் ஒருசாரார். அது மெய்யாயின், அழகு கொடையேயன்றி உடைமையன்று என்பது அப்பெயரிலேயே பெறப்படும். கொடுப்பாளும் இழப்பிற்குப் புறம்பானவளல்லள். கண்ணாடிகளில் அவள் தழுவி நிற்கும் அத்துனிசு, கிரேக்கர் கதைப்படி, காட்டுப்பன்றியால் இளமையிலேயே மாய்ந்தவன்.