முதுமையில் நாவடக்கம்

அறுபது வயதைக் கடந்து சர்க்கரை நோயுடன் வாழ்பவர்களிடையே, அதிலும் ஆன்மிக நாட்டம் உடையவர்களிடையே, ஒரு வாதம் அடிக்கடி எழுவதுண்டு. “உடல் அழியக்கூடியது, ஆன்மாவே நிலையானது. இன்றோ நாளையோ விழப்போகும் இந்த உடலுக்காகச் சோற்றை அளப்பதும் இட்லியை எண்ணுவதும் தேகப்பற்று அல்லவா?” வேதாந்தம் போலவே ஒலிக்கும் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அதற்குள் ஓர் உண்மையும் ஒரு பொய்யும் பின்னிக் கிடக்கின்றன.

உடலையே எந்நேரமும் நினைத்துக்கொண்டிருப்பது பற்றுதான். மருத்துவர் சொல்லாமலே பலமுறை விரலைக் குத்திப் பார்த்து, சத்சங்கத்தில் அமர்ந்தாலும் காலை அளவையும் மாலை அளவையும் பேசிக்கொண்டிருப்பவர், நோயையே வழிபடத் தொடங்கிவிட்டார் எனலாம். ஆனால் ‘உடல் அநித்தியம்’ என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது லட்டுக்குக் கை நீட்டுபவர் உடலை வென்றவரா? காப்பியில் இனிப்புக் குறைந்த அன்று அவரது முகத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். வைராக்கியம் என்று அவர் எண்ணுவது பெரும்பாலும் நாவின் குரலே; அது வேதாந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

தியானத்தைப் பற்றிப் பேசும் கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையையே பேசுகின்றன. உணவின் அளவை உடலின் கவலையாக மட்டும் பெரியோர் கருதவில்லை. மனத்தைப் பழக்கும் களமாகவும் கண்டனர்.

இதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று உண்டு. கட்டுப்பாடற்ற சர்க்கரை யாருடைய துன்பம்? விழித்திரை பழுதாகும்போது கைபிடித்து அழைத்துச் செல்பவர் வேறொருவர். சிறுநீரகம் செயலிழந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் டயாலிசிஸ் நிலையத்தின் வாயிலில் காத்திருப்பவரும் வேறொருவரே. பல வீடுகளில் அந்த வேறொருவர், தாமும் அறுபத்தைந்தைத் தாண்டி, முழங்கால் வலியோடு நடமாடும் மனைவி. ‘என் உடல், என் விருப்பம்’ என்பவர் அந்த அம்மையாரின் முதுமையையும் சேர்த்தே செலவிடுகிறார். அஹிம்சையைப் பற்றிப் பேசும் இல்லங்களில் இந்த ஹிம்சை கணக்கில் வருவதில்லை.

“இத்தனை வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டு என்ன பயன்?” என்பாரும் உண்டு. பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களை ஆராய்ந்து அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்குகளாக வைக்கப்பட்டன. அவ்வாறு முயன்றவர்களிடம் நோய் தோன்றுவது 58 சதவீதம் குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் பார்த்தால் 71 சதவீதம்! மெட்ஃபார்மின் மாத்திரையால் கிடைத்த பயன் 31 சதவீதமே.

நோய் வந்துவிட்டவருக்கும் நடை பயன் தரும். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசை. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. சர்க்கரை தங்குவதற்கு இடம் குறைகிறது. இயங்கும் தசையோ இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே உணவுக்குப்பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பலமுறை எழுந்து அமர்வதும் முதியோருக்குச் சிறிய செயல்கள் அல்ல.

இந்த அறிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. அமர்ந்தே இருக்கும் சுகத்தையும் உறங்கும் சுகத்தையும் பிரமேக நோயின் காரணங்களாகச் சரகர் கூறினார். பொருளற்ற நோயாளி நூறு யோசனை தூரம் நடக்கட்டும், கிணறு வெட்டட்டும் என்றார் சுஸ்ருதர். காலணியும் குடையும் இன்றி நடக்கச் சொன்னார் அவர். அந்தப் பகுதியை மட்டும் இன்று அப்படியே ஏற்பதற்கில்லை. நெடுநாள் சர்க்கரையால் பாத உணர்வு மங்கியவர் வெறுங்காலுடன் 21 கிலோமீட்டர் கோவர்த்தன பரிக்ரமாவோ 14 கிலோமீட்டர் கிரிவலமோ செல்வது ஆபத்து. முள் தைத்தது தெரியாது. புண் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பக்தி குறைந்துவிட்டதாக எண்ணாமல், மருத்துவரைக் கேட்டு, ஏற்ற காலணியுடன் நடக்கலாம்.

விரதத்திலும் இதே விவேகம் தேவை. ஏகாதசியன்று தானியத்தை விலக்கிவிட்டு ஜவ்வரிசிக் கிச்சடியும் உருளைக்கிழங்கும் வயிறார உண்பது வட நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் பரவலான வழக்கம். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்தே. சர்க்கரையை விரைந்து ஏற்றும். நேர்மாறான ஆபத்து முழுப் பட்டினி. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால், சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கலாம். வியர்வை, படபடப்பு ஆகிய எச்சரிக்கைகள் முதியோரிடம் வெளிப்படாமலே போவதுண்டு. குழப்பமோ மயக்கமோ நேரே வந்துவிடும். நோயுற்றோருக்கும் தள்ளாதோருக்கும் விரத நூல்களே விலக்கு அளித்திருக்கின்றன. ரமலான் நோன்பிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. சாஸ்திரம் தந்த சலுகையை மறுப்பது சாஸ்திரத்தை மிஞ்சிய பெருமையாகிவிடும்.

பிரசாதம் வந்தால்? மறுப்பது மனத்தை வருத்தும். ஒரு துளியைக் கண்களில் ஒற்றி வாயிலிட்டு, மீதியை அருகில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்தால் பிரசாதம் குறைந்துவிடாது. வழங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. “ஒரு நாள்தானே, சாப்பிடுங்கள்” என்று தொன்னை நிறையக் கேசரியை வைத்து வற்புறுத்துவதை அன்பு என்று சொல்லிவிட இயலாது. பந்தியில் சுண்டலும் பழத்துண்டும் இருந்தால், முதியவர் ஒருவர் நோயைச் சபையில் விளக்க வேண்டிய சங்கடம் தவிரும்.

எனினும் கண்டிப்புக்கும் எல்லை வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது இலக்கு. பல நோய்களால் தளர்ந்த முதியோருக்கு 8 வரை மருத்துவர்களே தளர்த்துகிறார்கள். ஏனெனில், அவ்வயதில் சற்றே கூடிய சர்க்கரையைவிடத் தாழ்ந்த சர்க்கரையும் அதனால் நேரும் வீழ்ச்சியும் இடுப்பெலும்பு முறிவும் கொடியவை. இதை அறியாத பிள்ளைகள், எண்பத்தைந்து வயது அன்னையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுகிறார்கள். நாவடக்கம் என்பது ஒருவர் தாமே மேற்கொள்ளும் தவம். பிறர் அவர்மேல் சுமத்தும்போது அது சிறையாகிவிடும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பேரனின் பிறந்தநாளன்று அந்த அன்னைக்கு இரண்டு கரண்டிப் பாயசத்தை வைத்து, சோற்றில் ஒரு கைப்பிடியைக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைப்பது என்பதையும் அவரிடமே விட்டுவிடலாம்.