கேட்டல் எனும் செயல்

உம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது 1990களின் நடுப்பகுதியில். நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் உம்மா கதிரையில் அமர்ந்து, "ராவையில படுத்தா..." என்று சொல்லத் தொடங்கினார். வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியவாறே ஒரு விரலை உயர்த்திப் பேச வேண்டாமெனச் சைகை காட்டினார். நெஞ்சில் மூன்று இடம், முதுகில் நான்கு இடம் வைத்துப் பார்த்தார். துண்டில் மருந்து எழுதித் தந்தார். வெளியே வந்ததும் உம்மா சொன்னார்: "அவரு என்ட நெஞ்சக் கேட்டாரு மகன், என்னக் கேக்கல்ல."

அந்த வைத்தியரில் குற்றம் காண இதை எழுதவில்லை. அன்று அவருக்கு முன்னால் ஒரு பெருங்கூட்டமே காத்திருந்தது. ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் இருக்கும்போது நோயாளி பேசினால் இதயத்தின் ஒலி அந்தப் பேச்சில் மூழ்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் உம்மாவின் அந்த வாக்கியம் இத்தனை வருடமாக என்னை விடவில்லை. தமிழின் 'கேள்' என்ற வினைச்சொல் செவியால் உணர்வதையும் வினவுவதையும் ஒன்றாகவே சுமந்து நிற்கிறது. கேள்வி என்றால் வினா. கேள்வி என்றால் கேட்டுப் பெற்ற அறிவு. திருக்குறளின் 42ஆவது அதிகாரத்தின் பெயரும் அதுதான். பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போகாத உம்மா இந்த இரு பொருளையும் ஒரே மூச்சில் எடுத்து, இரண்டும் பிரிந்துவிட்ட ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டார். ஒலியைக் கேட்பதும் ஆளைக் கேட்பதும் எங்கே பிரிந்தன?

மருத்துவத்தைப் பொறுத்தவரை இதற்கு ஓர் ஆண்டும் ஓர் ஊரும் உண்டு. 1816, பாரிஸ், நெக்கர் மருத்துவமனை. ரெனே லெனெக் என்ற வைத்தியரிடம் இதயநோயின் அறிகுறிகளுடன் ஓர் இளம்பெண் வந்தாள். உடல் பருத்திருந்ததால் நெஞ்சில் தட்டிப் பார்த்தும் பயனில்லை. நேரடியாக நெஞ்சில் காதை வைத்துக் கேட்க அவளுடைய வயதும் பெண்மையும் இடங்கொடுக்கவில்லை. மரத்துண்டொன்றின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது லெனெக்கின் நினைவுக்கு வந்தது. காகிதத் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். வெறுங்காதால் கேட்டதைவிடத் தெளிவாக இதயம் கேட்டது. பின்னர் அது ஏறத்தாழ ஓரடி நீள மரக்குழாயாயிற்று. 1819இல் அதைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஸ்டெதஸ்கோப் என்று அவர் இட்ட கிரேக்கப் பெயருக்கு 'நெஞ்சைப் பார்ப்பது' என்று பொருள். கேட்கும் கருவிக்குக்கூடப் பார்வையின் பெயரைத்தான் சூட்ட வேண்டியிருந்தது.

அதற்கு முந்திய காலத்து ஐரோப்பிய வைத்தியர் பெரும்பாலும் நோயாளி சொல்லும் கதையை வைத்தே நோயைத் தீர்மானித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் வசதி படைத்த நோயாளிகள் தம் நோயைக் கடிதத்தில் விவரித்து எழுத, வைத்தியர் ஆளைக் காணாமலே கடிதத்தில் மருந்து சொல்வதும் வழக்கம். லெனெக்கின் குழாய்க்குப் பிறகு நோயாளியின் கதைக்குப் போட்டியாக இன்னொரு சாட்சி வந்தது: உடல். உயிரோடிருக்கையில் கேட்ட ஒலியை, இறந்தபின் உடலை அறுத்துக் கண்டதோடு அவர் ஒப்பிட்டார். இந்த ஒலிக்கு நுரையீரலில் இன்ன சிதைவு என்று அகராதிபோல ஒன்று உருவானது. உடல் பொய் சொல்லாது. நோயாளி மறப்பார், மிகைப்படுத்துவார், வெட்கப்படுவார். எனவே நோயாளியைச் சற்று வாய்மூடி இருக்கச் சொல்வது அறிவியலின் தேவையாயிற்று.

இதை வீழ்ச்சியின் கதையாகச் சொல்லிவிடுவது இலகு. ஆனால் அது நேர்மையாகாது. கதையை மட்டும் கேட்டு மருந்து கொடுத்த காலத்தில் காசநோயையும் வேறு நெஞ்சு நோய்களையும் பிரித்தறிய வழியின்றி எத்தனையோ பேர் செத்தார்கள். தவிர, லெனெக் ஆளைக் கேளாதவரும் அல்லர். அவர் பிரெத்தானியில் பிறந்தவர். 1814இல் நெப்போலியனின் போரில் காயமுற்ற, பிரெஞ்சு தெரியாத பிரெத்தோன் மொழிக்காரச் சிப்பாய்கள் பாரிஸ் மருத்துவமனைகளில் தம் வலியைச் சொல்ல வாயில்லாமல் கிடந்தார்கள். அவர்களை ஓரிடத்தில் சேர்த்து அவர்களின் மொழியிலேயே பேசி வைத்தியம் பார்த்தவர் இவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் காகிதக் குழாயைச் சுருட்டியவரும் இவரே. காசநோயால் 1826இல், 45 வயதில் இறந்தார். ஒரே மனிதருக்குள் இரு கேட்டலும் இருந்தன. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஒன்றைக் கற்பிப்பது எளிதாயிருந்தது, மற்றதை ஒரு குழாய்க்குள் அடைத்துக் கைமாற்ற முடியவில்லை.

தத்துவவாதிகள் என்ன செய்தார்கள்? நவீன ஐரோப்பியத் தத்துவத்தின் தந்தை எனப்படும் டேக்கார்ட் எழுதிய முதல் நூல், 22 வயதில், 1618இல் எழுதியது, இசையைப் பற்றியது. ஆயினும் 1637இல் ஒளியியலைப் பற்றி எழுதும்போது புலன்களில் மேன்மையானது பார்வையே என்று தொடங்கினார். கான்ட் 1790இல் எழுதிய நூலில் இசையின் மீது ஒரு முறைப்பாடு உண்டு. வாசனை பூசிய கைக்குட்டையை ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தால் விரும்பாதவனும் முகர வேண்டியிருப்பதுபோல, இசை அயலான்மீது வலிந்து திணிக்கப்படுகிறதாம். கண்ணை மூடலாம், காதை மூட இமையில்லை. ஒலிபெருக்கிகளுக்கு நடுவே வாழும் நமக்குக் கான்டின் எரிச்சல் புரியாமலில்லை. ஆனால் அந்த எரிச்சலுக்குள் ஒரு படிமம் ஒளிந்திருக்கிறது: காது ஒரு திறந்த வாசல், ஒலி தானாக உள்ளே வருகிறது, கேட்பவன் எதுவும் செய்வதில்லை.

இப்படிமத்துக்கு அறிவியலின் முத்திரை 1863இல் கிடைத்தது. ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உட்காதின் நத்தைச்சுருளினுள்ளே நீளும் மென்சவ்வின் மீது வரிசையாக நிற்கும் நுண்கோல்களைப் பியானோவின் தந்திகளுக்கு ஒப்பிட்டார். பியானோவின் அடைப்புகளை உயர்த்திவிட்டு அதனுள் உரத்துப் பாடினால், பாடிய சுரத்துக்குரிய தந்திகள் மட்டும் தாமாக அதிரும். காதும் அப்படியே என்றார். இங்கே உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இந்த நிகழ்வின் பெயர் தெரியும்: பரிவு. யார் சூட்டிய கலைச்சொல்லோ, அழகான சொல். ஆனால் தந்தியின் பரிவில் பரிவு எதுவும் இல்லை. தன் மீடிறன் வந்தால் அதிரும், வராவிட்டால் சும்மா கிடக்கும். அதிராத தந்தியை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இதன் அடுத்த கட்டங்கள் இறந்தவர்களின் காதுகளில் நடந்தன. 1874இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், இறந்த ஒருவரின் காதில் வைக்கோல் துண்டொன்றைப் பொருத்தி, பேச்சின் அதிர்வைப் புகையேற்றிய கண்ணாடியில் கோடாக எழுதச் செய்தார். தொலைபேசிக்கான எண்ணம் அங்கேதான் முளைவிட்டது. புடாபெஸ்டில் தொலைபேசி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பெக்கேஷி, பிரேதங்களின் நத்தைச்சுருளைத் திறந்து, மிக உரத்த ஒலியைச் செலுத்தி, மென்சவ்வின் மீது ஓர் அலை ஓடுவதை நுணுக்குக்காட்டியில் கண்டார். அதற்காக 1961இல் நொபெல் பரிசு பெற்றார். ஓடும் அலை உண்மை. ஆனால் அவர் கண்ட அலை மிகவும் அகன்று மழுங்கியிருந்தது. உயிருள்ள மனிதர் அடுத்தடுத்த சுரங்களைப் பிரித்தறியும் கூர்மைக்கு அது போதாது. மிஞ்சியதை மூளை சரிசெய்யும் என்று சமாதானம் சொன்னார்கள்.

1948இல் கேம்பிரிட்ஜில் தோமஸ் கோல்ட் என்ற இளைஞர் இதை மறுத்தார். போர்க்காலத்தில் ராடாரில் பயின்றவர். நத்தைச்சுருள் திரவத்தால் நிறைந்தது. திரவத்தில் தந்தி அதிராது, உடனே அடங்கிவிடும். ஆகவே உயிருள்ள காது தன் சக்தியைச் செலவழித்து அந்த அதிர்வைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார். அப்படியானால் சில வேளை காதே ஒலி எழுப்ப வேண்டும் என்பது அவரது அடுத்த வாதம். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டலைப் பற்றிய ஆய்வே கேட்கப்படாமற் போனதை என்னவென்பது! அவர் வானியலுக்குப் போய்விட்டார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் ஒரு சிறு மைக்கைக் காதுத் துளையில் வைத்து, 'டிக்' என்றொரு ஒலியை அனுப்பிக் காத்திருந்தார். சில மில்லி செக்கன்களின் பின் காதிலிருந்து மெல்லிய மறுமொழி வந்தது. 1985இல் காரணத்தின் ஒரு முனை பிடிபட்டது. ஒவ்வொரு காதிலும் உள்மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500, வெளிமயிர்க்கலங்கள் ஏறத்தாழ 12,000. மூளைக்குச் செய்தி கொண்டுபோவது பெரும்பாலும் முதல் வகை. எண்ணிக்கையில் மிகுந்த மற்ற வகை மின்தூண்டலுக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் அசைகிறது என்பதை பிரவுனெல் என்பவரும் அவரது சகாக்களும் காட்டினர். மூளையிலிருந்து காதை நோக்கி இறங்கும் நரம்பிழைகளை 1946இலேயே ராஸ்முசன் விவரித்திருந்தார். அவற்றில் ஒரு பகுதி இந்த வெளிக்கலங்களுக்கே போகிறது. ஆக, வாசலில் ஒருவர் நிற்கிறார். உள்ளேயிருந்து அவருக்குச் சொல்லும் வருகிறது. பிரேதத்தின் காதில் அவரைக் காண முடியாது.

இந்த இடத்தில் நம் சஞ்சிகைகளில் வழமையாக ஒரு பந்தி வரும்: இதையெல்லாம் நம்மவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று. நான் அதை எழுதப் போவதில்லை. ஒலியென்பது மோதலாலோ பிளத்தலாலோ காற்றில் எழும் அலை என்று இப்னு சீனா எழுதியது பெரிய விடயம். அவருக்கு மயிர்க்கலம் தெரியாது. ஆனால் இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இசை கேட்டலைப் பற்றி எழுதும்போது கேட்கப்படுவதோடு நில்லாமல் கேட்பவரின் உள்ளநிலையையும் சேர்த்தே விசாரிக்கிறார். அது விஞ்ஞானம் அல்ல, ஒழுக்கவியல். அவரை அங்கேயே விட்டுவைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

அதே எச்சரிக்கை எனக்கும் வேண்டும். ஒரு கலம் நீண்டு குறுகுவதிலிருந்து ஒரு கடமையைப் பிழிந்தெடுக்க முடியாது. வெளிமயிர்க்கலம் யாருக்காகவும் இரங்குவதில்லை. நான் சொல்ல வருவது அதைவிடச் சிறியது. கேட்டல் வெறும் பெறுதல் என்ற படிமம் நமக்கு ஒரு சாட்டாகப் பயன்பட்டு வந்தது: 'எனக்குக் கேட்கவில்லை' என்றால் அது எனக்கு நேர்ந்த ஒன்று, நான் செய்த ஒன்றல்ல. அந்தச் சாட்டு காதின் அளவிலேயே செல்லாது என்றாகிவிட்டது. அவ்வளவுதான்.

கேட்டலைக் காதோடு மட்டும் முடிச்சுப்போட்டதன் விலையைக் கொடுத்தவர்கள் செவிப்புலனற்றோர். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் சைகைமொழியை விலக்கி வாய்ப்பேச்சின் மூலமே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. 164 பேராளர்களில் செவிப்புலனற்றவர் ஒரேயொருவர். பல நாடுகளின் பாடசாலைகளில் சைகைமொழி தடைப்பட்டது. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். தாயும் மனைவியும் செவிப்புலனற்றவர்களாயிருந்த பெல்கூட வாய்ப்பேச்சு முறைக்கே வாதாடினார். 2010இல் வன்கூவரில் கூடியபோது அதே மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள். மிலானில் கூடியிருந்தவர்களுக்குக் காதில் பழுதிருக்கவில்லை.

நாம் முதலில் வெறும் சத்தத்தைக் கேட்பதில்லை, வண்டியையும் மோட்டார் சைக்கிளையுமே கேட்கிறோம். தூய சத்தத்தைக் கேட்க மிகச் செயற்கையான மனநிலை வேண்டும் என்று 1927இல் எழுதியவர் ஹைடெகர். நான் வாசித்தவரையில் கேட்டலைப் பற்றிய நவீன தத்துவத்தின் மிக நுட்பமான பக்கங்கள் அவருடையவை. 1933இல் நாசிக் கட்சியில் சேர்ந்தவரும் அவர். நாசிகளின் முகாமில் பெற்றோரை இழந்த கவிஞர் போல் செலான் 1967இல் அவருடைய மலைக்குடிசைக்குப் போனார். ஒரு சொல் வரும் என்ற எதிர்பார்ப்பை அங்கிருந்த வருகையாளர் ஏட்டில் எழுதியும் வைத்தார். யூத அழிப்பைப் பற்றிப் பகிரங்கமான ஒரு வருத்தச் சொல்லும் சொல்லாமலே 1976இல் ஹைடெகர் இறந்தார். கூர்ந்து கேட்கத் தெரிவது நல்லவனாக இருப்பதற்கு உத்தரவாதமில்லை. எதற்குக் காது கொடுக்கிறோம் என்பது வேறொரு கேள்வி.

2007இல் மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கிலத் தத்துவவாதி அந்தக் கேள்விக்கு ஒரு முனை கொடுத்தார். சொல்பவர் யார் என்ற முன்முடிவால் அவரது சாட்சியத்துக்குரிய நம்பிக்கையைக் கேட்பவர் குறைத்துவிடும்போது, அவர் அறிவுடையவர் என்பதையே மறுத்து அநீதி இழைக்கிறார் என்பது அவரது வாதம். வரிசையில் நிற்கும் ஏழையும், வைத்தியரின் மொழி தெரியாதவரும், முக்காடிட்ட கிழவியும் இந்த வாதத்தைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

உம்மா மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. மருந்து சரியான மருந்துதான். அதன்பின் அவர் நெடுநாள் இருந்தார். அண்மையில் பேத்தி பிறந்தபோது, கெம்ப் கண்டுபிடித்த வழியிலேயே குழந்தையின் காதைச் சோதித்தார்கள். சிறு குழாயொன்றைக் காதில் வைத்த தாதி எங்களைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். அறையில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். குழந்தையின் காது மறுமொழி சொல்லிவிட்டது என்று கருவியைப் பார்த்துச் சொன்னார். எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. மருமகள் சிரித்தாள்.

எனக்கு அந்த விரல்தான் கண்ணில் நின்றது. "ராவையில படுத்தா..." என்று உம்மா தொடங்கிய வாக்கியத்தின் மீதி என்ன? அன்று வைத்தியர் கேட்கவில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பக்கத்தில் இருந்த நானும் கேட்கவில்லை.