செய்கையும் செய்யாமையும்

பக்கவாதம் கண்டு வாய் குழறி வந்த ஒருவரின் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் ரத்தம் கசியவில்லை, குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்று நிச்சயித்துக்கொண்ட வைத்தியர், அந்த அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கையில் எடுக்கும் கணத்தில், தர்ம விசாரம் செய்தோர் நெடுங்காலம் தர்க்கித்த கேள்வி ஒன்றின் முன் நிற்கிறார். செய்ததால் விளையும் தீங்கும், செய்யாது விட்டதால் விளையும் தீங்கும் சமமான பாபந்தானா?

உயிரை மாய்க்க வந்த அந்த உறைதலேதான் நம் உடம்பின் கண்காணாத கீறல்களையெல்லாம் நாள்தோறும் அடைத்துக் காப்பதும்; இரண்டையும் பிரித்தறியும் விவேகம் மருந்துக்கு இல்லை. 1995-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில், 624 நோயாளிகளுள் நோய் தாக்கிய மூன்று மணி நேரத்துக்குள் இம்மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேலாக மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமாயிற்று. பெறாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அவ்வாறு நேரவில்லை. ஆயினும் மூன்று மாதம் கழிந்தபின் ஊனமின்றித் தேறியிருந்தவர்கள் மருந்து பெற்றவர்களிடையேதான் அதிகம். மரணமும் அவர்களிடையே 17 சதவீதம், மற்றவர்களிடையே 21.

கணக்கு இவ்வளவு தெளிவாயிருந்தும் மனம் ஏன் தயங்குகிறது? ரத்தம் கசிந்தவருக்குப் பெயர் உண்டு, கட்டில் உண்டு, கதறும் மனைவி உண்டு; மருந்தினால் நடந்து வீடு திரும்பியவரோ, அது இல்லாமலும் தேறியிருப்பாரோ என்பதைத் தாமே அறியார். மருந்தின்றி முடங்கியவரை ஊரார் விதி என்பர். மருந்துக்குப்பின் மாண்டவரை, ஊசி போட்டுத்தான் போய்விட்டார் என்பர். கர்மம் எது, அகர்மம் எது என்பதில் ஞானிகளும் மயங்குவர் என்று கீதையின் நான்காம் அத்தியாயம் கூறுவதன் பொருள் எனக்கு இந்த இடத்தில்தான் விளங்குகிறது. தயங்கி விலகும் வைத்தியர் பல சமயம் காப்பது நோயாளியை அன்று, தம் கையின் சுத்தத்தையே.

அதற்காக எண்ணிக்கையே தர்மம் என்போரோடும் நான் சேரமாட்டேன். (அப்படியானால் வைத்தியரை அனுப்பிவிட்டுக் கணக்கப்பிள்ளையை அமர்த்திக்கொள்ளலாமே!) பத்துப் பேர் நடந்ததைக் காட்டி ஒரு விதவையிடம் கடன் தீர்ந்தது என்று சொல்ல முடியுமா? பேச்சிழந்த தகப்பனுக்காகப் படிவத்தில் கையெழுத்திடும் மகன், வீட்டாரைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று வராந்தாவுக்குப் போய்த் தொலைபேசியை எடுக்கும்போது, அந்த யோசனையும் இலவசமன்று. நோய் தாக்கியபின் மருந்து கொடுப்பதற்குரிய நாலரை மணி நேரம் என்னும் எல்லை நெருங்கிக்கொண்டிருக்க, உள்ளே மூளை அழிந்துகொண்டிருக்கிறது. யோசிப்பதும் அங்கே ஒரு செய்கையாகிவிடுகிறது.

செய்தவருக்கு மட்டும் ஒரு கடமை கூடுகிறது. மருந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும்போதும், இறங்கிய பின்பும், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்து, புதிதாகத் தலைவலி உண்டாயிற்றா என்று கேட்டு, உண்டாயின் உடனே மருந்தை நிறுத்தி மறுபடியும் ஸ்கேனுக்கு அனுப்ப, அவர் அங்கேயே இருந்தாக வேண்டும்.