வியாபாரத்தில் வெற்றி: விடாமுயற்சியும் நல்ல பழக்கங்களும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

   

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும், அடுத்து உங்களுக்கும் இறையச்சத்தை உபதேசம் செய்து, இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

சென்ற வாரம் ஃபஜ்ர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு சகோதரர் மட்டும் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டு விசாரித்தேன். "ஹஜ்ரத், கடையை மூடிடலாம்னு இருக்கேன். எட்டு மாசம் ஆச்சு. எனக்கு வியாபார ராசி இல்ல போல" என்றார். அருப்புக்கோட்டையில் சின்னதாக ஒரு ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். நகையை அடகு வைத்துப் போட்ட கடை. அது போதாமல் வாரவட்டிக்கும் வாங்கியிருக்கிறார். வீட்டில் மனைவியிடம் வட்டி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இதை உங்களிடம் சொல்கிறேன்.

"கடையை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்று கேட்டேன். "பத்தரை, பதினொன்னு ஆகும் ஹஜ்ரத்." "ஃபஜ்ர் முடிந்து?" "தூங்கிருவேன்." "கணக்கு எழுதுகிறீர்களா?" "மனசுலயே வச்சிருக்கேன்." "மதியம்?" "ஆள் வரலன்னா சாத்திட்டுப் போயிருவேன்."

அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மழை தப்பினால் சுற்றியுள்ள கிராமங்களில் கையில் காசு புரளாது. கையில் காசு இல்லாத சம்சாரி கடைவீதிக்கு வர மாட்டார். வருகிறவரும் செல்போனில் விலை பார்த்துவிட்டுத்தான் வருகிறார். சிரமம் உண்மைதான். ஆனால் ராசி இல்லை என்று சொல்வதற்கு முன்னால் நாம் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

கடைவீதிக்கு வழி கேட்ட ஸஹாபி

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நாம் எல்லோரும் அறிவோம். சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது அவர்கள் கையில் எதுவும் இல்லை. மக்காவில் சேர்த்ததெல்லாம் மக்காவிலேயே போய்விட்டது. நபி (ஸல்) அவர்கள் அவரை ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களுடன் சகோதரராகப் பிணைத்தார்கள். ஸஅத் (ரலி) மதீனாவின் செல்வந்தர்களில் ஒருவர். என் சொத்தில் சரிபாதி உங்களுக்கு என்று முன்வந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ, அல்லாஹ் உங்கள் குடும்பத்திலும் பொருளிலும் பரக்கத் செய்யட்டும் என்று துஆ செய்துவிட்டு, இங்கே வியாபாரம் நடக்கும் கடைவீதி எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா கடைவீதியைக் காட்டினார்கள். அன்று மாலை கொஞ்சம் பாலாடைக்கட்டியும் நெய்யும் மிச்சப்படுத்திக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

புகாரியில் உள்ள இந்த அறிவிப்பில் ஒரு சின்ன வாசகம் வருகிறது. நாம் வேகமாகப் படித்துத் தாண்டிவிடுகிற வாசகம். அதன் கருத்து இதுதான்: அதன் பிறகு அவர்கள் காலைதோறும் விடாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். முதல் நாள் கிடைத்தது பாலாடைக்கட்டியும் நெய்யும்தான். ஆனாலும் மறுநாள் காலையும் போனார்கள். அதற்கு அடுத்த நாளும் போனார்கள். கொஞ்ச காலத்தில் திருமணம் முடித்து, மஹராகப் பேரீச்சங்கொட்டை எடைக்குத் தங்கம் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லும் நிலைக்கு வந்தார்கள்.

அன்புச் சகோதரர்களே! அவர்களுடைய முதலீடு என்ன? அந்தக் காலைகள்தான். நம் எல்லோருக்கும் அல்லாஹ் சமமாகக் கொடுத்திருக்கிற முதலீடு அது. என் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் செய்வாயாக என்று நபி (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். அந்த ஹதீஸை அறிவிக்கும் ஸக்ர் அல்ஃகாமிதி (ரலி) அவர்களும் ஒரு வியாபாரிதான். தம் சரக்குகளைப் பகலின் ஆரம்பத்திலேயே அனுப்பி வந்தார்கள். அவர்களின் செல்வம் பெருகியது. (நூல்கள்: அபூதாவூத், திர்மிதி)

கொஞ்சமானாலும் விடாமல்

அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான அமல் எது என்றால், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதுதான் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ரமளானில் ஒரு நாளைக்கு ஒரு ஜுஸ்வு ஓதிவிட்டு ஷவ்வாலில் குர்ஆனை மூடி வைப்பவரைவிட, தினம் ஒரு பக்கம் ஓதுபவர் மேல். தொழிலிலும் அப்படித்தான்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம். நம்மோடு கடைவீதியில் தோளோடு தோள் நின்று வியாபாரம் செய்யும் நாடார் சமூகத்துப் பெரியவர்கள், 19-ஆம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் பேட்டைகள் அமைத்தார்கள். பாதுகாப்பில்லாத பாதைகளில் சரக்கு ஏற்றி வரும் வண்டியும் மாடும் அங்கே பத்திரமாகத் தங்கும். நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்காக, வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி ஒதுக்கி வைத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பிடி அரிசிப் பள்ளியில்தான். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று ஆரம்பித்ததுதான் இன்றைய தமிழ்நாடு மெர்கண்டைல் வங்கி.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிடி அரிசி ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்குக்கூடப் போதாது. ஆனால் ஒரு தெரு முழுக்க, ஒரு நாள்கூட விடாமல் எடுத்து வைத்தபோது அது பள்ளிக்கூடமாக நின்றது. நம் வீடுகளில் அப்படி ஒரு பிடி இருக்கிறதா?

புழுதியில் போட்ட விதை

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிறவர்கள் இந்த ஜமாஅத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் தவக்குல் பாடம் நடத்த வேண்டியதில்லை. புரட்டாசியில் கரிசல் காடு காய்ந்து கிடக்கும்போதே புழுதி விதைப்பு செய்கிறீர்கள். வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. ஆனாலும் விதையை மேலாகத் தூவிவிட்டு வருவதில்லை. 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடுகிறீர்கள். ஏன்? சின்னத் தூறலுக்கு முளைத்துவிட்டுப் பிறகு வெயிலில் கருகிவிடக் கூடாது. நிலம் நன்றாக நனைந்த பிறகுதான் முளைக்க வேண்டும்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. மழை வரட்டும், பிறகு உழுவோம் என்று காத்திருந்தவர், மழை வந்த பிறகு ஏருக்கும் டிராக்டருக்கும் அலைவார், ஈரம் போய்விடும். இது ஒன்று. நம் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த பிறகு, மழையை அல்லாஹ்விடம் விட்டுவிட வேண்டும். இது இரண்டாவது. பறவைகளைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் இதைத்தான். காலையில் ஒட்டிய வயிற்றோடு கூட்டை விட்டுப் போகின்றன, மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்புகின்றன. (நூல்: திர்மிதி) கூட்டுக்குள் உட்கார்ந்திருந்த பறவைக்கு இரை வந்தது என்று அதில் இல்லை.

கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசித் தீ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட முடியுமா? எங்கே ஓட்டை விழுகிறது என்று இரவிலும் பார்த்துப் பார்த்து மண் அப்ப வேண்டும். கவனிக்காமல் விட்டால் காலையில் கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும். கடையும் அப்படித்தான். திறப்பு விழா அன்று கூட்டம் கூடுவது பெரிதல்ல. எட்டாவது மாதத்தில், ஆள் வராத செவ்வாய்க்கிழமை மதியத்தில், நாம் கடையில் இருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

அத்தா திருப்பிய சைக்கிள்

விடாமுயற்சி மட்டும் போதுமா? போதாது. பொய்யனும் விடாமல் பொய் சொல்கிறான். முயற்சியோடு நாணயம் சேர வேண்டும்.

என் அத்தா சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டித் தவணை வியாபாரம் செய்தவர். திருச்சுழி சுமார் 15 கிலோமீட்டர். அதையும் தாண்டி கிராமங்களுக்குப் போவார். எந்தக் கிழமை எந்த ஊர் என்பதில் ஆண்டுக்கணக்கில் மாற்றமே இருந்ததில்லை. தவணைப் பணம் தர முடியாது என்று தெரிந்த வீட்டுக்கும் அந்தக் கிழமையில் போய் நின்று, நலம் விசாரித்துவிட்டு வருவார்.

எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது ஒருநாள் கூடப் போனேன். ஒரு சேலையில் முந்தானைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இழை விட்டிருந்தது. அது உள்ளே மறைகிற மாதிரி மடித்து, ஓர் அம்மாவிடம் முழு விலைக்கு விற்றுவிட்டேன். குண்டாற்றைத் தாண்டி வரும்போது பெருமையாக அத்தாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சைக்கிளைத் திருப்பினார். உச்சி வெயிலில் அத்தனை தூரமும் திரும்பிப் போனோம். "தாயி, இந்தச் சேலையில ஒரு கொறை இருக்கு. எம் மகன் சொல்லாமக் குடுத்துட்டான்" என்று விரித்துக் காட்டினார். பணம் வேண்டுமா, விலையைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். அந்த அம்மா விலை குறைத்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்தத் தெருவில் அத்தாவின் மூட்டையை யாரும் விரித்துச் சோதித்துப் பார்த்ததில்லை.

பிறகு மதரஸாவில் ஓதும்போதுதான் அந்த ஹதீஸ் எனக்குப் புரிந்தது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். (நூல்: முஸ்லிம்) விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும். (நூல்கள்: புகாரி, முஸ்லிம்) லாபம் அன்றே கல்லாவில் விழும். பரக்கத் என்பது அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடமும் வருவது.

இன்றிலிருந்து தொடங்க வேண்டியவை

1. ஃபஜ்ருக்குப் பிறகு தூங்காதீர்கள். கடையை நேரத்துக்குத் திறங்கள்.

2. கணக்கு எழுதுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. எழுதாதவருக்கு எது முதல், எது லாபம் என்று தெரியாது. முதலையே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

3. அளவையில் குறைக்காதீர்கள், சத்தியம் செய்து விற்காதீர்கள். அளவில் குறைப்பவர்களுக்கு எச்சரிக்கையாக ஒரு தனி அத்தியாயத்தையே அல்லாஹ் தொடங்குகிறான் (83).

4. கடன் வசூலிப்பதில் மென்மையாக இருங்கள். சிரமப்படுகிறவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறான் அல்லாஹ் (2:280).

5. வட்டியின் பக்கம் போகாதீர்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. நமக்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

6. பாங்கு சொன்னால் எழுந்துவிடுங்கள். பாங்கில் தொழுகையின் பக்கம் அழைத்த பிறகுதான் வெற்றியின் பக்கம் அழைக்கிறார்கள். ஜும்ஆ அத்தியாயத்தில் (62:9,10) வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொன்ன அல்லாஹ்வே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடச் சொல்கிறான். தேடும்போதும் தன்னை அதிகம் நினைவுகூரச் சொல்கிறான்.

அந்தச் சகோதரரிடம், கடையை இப்போதைக்கு மூட வேண்டாம், நாற்பது நாள் காலை எட்டு மணிக்குத் திறந்து, ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். வட்டி விஷயத்தை அன்றே மனைவியிடம் சொல்லிவிடச் சொன்னேன். சொல்லிவிட்டார். நாற்பதாவது நாள் அந்த நோட்டு, கடையை மூடத்தான் வேண்டும் என்று சொன்னால், மூடுவதில் வெட்கமில்லை. வேறு கடைவீதிக்கு வழி கேட்டுப் போகலாம்.

ஆனால் வாரவட்டியை அவர் ஒருவரால் முடிக்க முடியாது. அது நம் வேலை. ஸஅத் (ரலி) போலப் பாதிச் சொத்தைக் கொடுக்க நமக்கு மனம் வராமல் இருக்கலாம். வட்டியில்லாத கடனாக ஒரு தொகை கொடுக்க இந்த ஜமாஅத்தில் நான்கு பேர் இல்லையா? தொழுகை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். அவரைப் போல வெளியே சொல்லாமல் இருப்பவர்களும் வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் காலைகளில் பரக்கத் செய்வாயாக! எங்கள் நாவை உண்மையிலும், எங்கள் தராசை நீதியிலும் நிலைக்கச் செய்வாயாக! கடனிலும் வட்டியிலும் சிக்கியவர்களை விடுவிப்பாயாக! எங்கள் கண்மாய்களுக்கும் கரிசல் காடுகளுக்கும் பயனுள்ள மழையைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.